கோரைப்பாய், தெர்மாகோல், ஒரு குளக்கரை

மூன்று மாதமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி வந்தவாசியாக இருக்கிறது. மீதிப் பாதியில் நாங்கள் நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்து சாப்பிடுகிறோம். யாரும் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொள்கிறார்கள், அதற்காகவே இந்தப் பதிவை ஒழுங்காக எழுத வேண்டும் என்று தோன்றியது.

அந்தப் பாதி மேசை என் டேபிள்டாப் வார்கேமுக்கு. அது என்னவென்று தெரியாதவர்களுக்கு: சின்னச் சின்ன சிப்பாய் பொம்மைகளை வைத்து, பகடை உருட்டி, ஒரு பழைய சண்டையை மேசைமேல் மறுபடி நடத்திப் பார்ப்பது. சதுரங்கம் மாதிரி கட்டம் கிடையாது. எவ்வளவு தூரம் நடக்கலாம், எவ்வளவு தூரம் சுடலாம் என்பதையெல்லாம் டேப் வைத்து அளப்போம். கட்டம் இல்லாததால் மேசைமேல் இருக்கும் மேடு, மரம், சுவர், குளம் எல்லாமே விளையாட்டுக்குள் வந்துவிடும். மேட்டுக்குப் பின்னால் நிற்பவனைச் சுட முடியாது, சேற்றில் இறங்கினால் வேகம் பாதி. அதனால் நிலத்தைக் கட்டுவது அலங்கார வேலை என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 1812ல் பிரஷ்ய அரசருக்கு ரைஸ்விட்ஸ் என்பவர் ஒரு போர் விளையாட்டு மேசை செய்து கொடுத்தார், அதில் நிலத்தைத் துண்டு துண்டாகச் செய்து, வேண்டியபடி மாற்றி அடுக்கிக்கொள்ளலாம். அவருடைய மகன் 1824ல் அதையே வரைபடத்தில் ஆடும் விளையாட்டாக மாற்றினார். அப்பா முதலில் செய்தது நிலத்தைத்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, ஏன் வந்தவாசி? அம்மாவுக்கு அந்தப் பக்கத்து ஊர். சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனால் பஸ் ஜன்னலில் தெரிவது கோட்டையின் இடிந்த சுவர், அப்புறம் வெண்குன்றம் மலை, ஏரி, பனைமரம். அங்கேதான் 1760 ஜனவரி 22ஆம் தேதி லாலியின் பிரெஞ்சுப் படையும் ஐர் கூட்டின் ஆங்கிலேயப் படையும் மோதின. பள்ளிக்கூடத்தில் இரண்டு வரியில் படித்துவிட்டு மறந்துபோன சண்டை. பெரியவனான பிறகு உட்கார்ந்து படித்தபோது ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பிரெஞ்சுப் படையின் இடது பக்கம் ஒரு குளக்கரையை ஒட்டி இருந்தது. அங்கே மண்ணால் ஒரு அரண் போட்டு, கப்பல்படையிலிருந்து இறக்கிய ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். ஆங்கிலேயர் பக்கத்துக் குண்டு ஒன்று விழுந்து அங்கிருந்த வெடிமருந்து வண்டி வெடித்தது. அந்தக் குழப்பத்தில் மேஜர் பிரேர்டன் தன் ஆட்களோடு அரணுக்குள் பாய்ந்தார். அவர் அங்கேயே உயிர்போகும் காயம் பட்டு விழுந்தார், ஆனால் இடம் கைமாறிவிட்டது. அதை மீட்கப் போன பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியைச் சிறைபிடித்தார்கள். அதற்கு அடுத்த ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது.

ஒரு குளக்கரை! நான் டவுசர் போட்டுக்கொண்டு சறுக்கி விளையாடியது மாதிரி ஒரு கரை.

முதல் தடவை இந்தச் சண்டையை ஆடியபோது மேசையில் ஒரு பச்சைத் துணியை விரித்து, குளத்துக்கு நீல அட்டையை வெட்டிப் போட்டு, கரைக்கு ஒரு கயிற்றை வளைத்து வைத்தேன். அக்கா மகன் பிரெஞ்சுப் பக்கம், நான் ஆங்கிலப் பக்கம். "கயிற்றுக்குப் பின்னால் இருந்தால் மறைவு" என்று விதி சொன்னேன். அவனும் தலையாட்டினான். ஆனால் ஆட்டம் போகப் போக அந்தக் கயிறு இருப்பதையே இரண்டு பேரும் மறந்துவிட்டோம். அவன் சிப்பாய்களைக் கரையைவிட்டு முன்னால் நகர்த்திக்கொண்டு வந்துவிட்டான், நானும் கவனிக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் உயரமாக நிற்காத ஒன்றை மனசு கணக்கில் எடுப்பதில்லை. அன்றைக்கே கரையைக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கட்டுவதற்கு முன்னால் கணக்கு. என் சிப்பாய்கள் 72இல் ஒரு பங்கு அளவு, அதாவது ஐந்தே முக்கால் அடி ஆள் 24 மில்லிமீட்டர் நிற்பான். இதே அளவில் தூரத்தையும் வைத்தால் துப்பாக்கிக் குண்டு மேசையைத் தாண்டி ஹாலுக்குப் போய்விடும், ஏனென்றால் நூறு கஜம் ஐம்பது அங்குலமாகிறது. அதனால் ஆளின் அளவு வேறு, நிலத்தின் அளவு வேறு. நான் ஓர் அங்குலத்துக்கு 20 கஜம் என்று வைத்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் ஆரம்பித்தால் வீடு வீடாகக் கட்டிக் குவித்து, கடைசியில் சிப்பாய் நிற்க இடமில்லாமல் போகும். என் மேசையில் ஒரு குடிசை என்றால் அது ஒரு தெரு, நாலு பனை என்றால் ஒரு தோப்பு. உயரத்திலும் அப்படித்தான். பதிமூன்று அடி உயரக் கரையை அப்படியே சுருக்கினால் 55 மில்லிமீட்டர் வரும், அவ்வளவு வைத்தால் பொம்மையைக் கையால் எடுக்க வைக்கவே சிரமம். அரை அங்குலத் தெர்மாகோல் மூன்று அடுக்கு போட்டேன், 38 வந்தது. கரையின் தலைப்பு 40 மில்லிமீட்டர் அகலம், நாலு சிப்பாய் ஒட்டிய பலகை அதில் தாராளமாக உட்காரும். உட்பக்கம் இரண்டாவது அடுக்கில் ஒரு படி விட்டிருக்கிறேன். அந்தப் படியில் நிற்கும் சிப்பாய்க்கு இடுப்பளவு மறைவு, துப்பாக்கி கரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் படிக்காகவே மூன்று தடவை அட்டையில் வெட்டிப் பார்த்தேன்.

தெர்மாகோல் ஒட்டும்போது எல்லோரும் செய்வது, ஃபெவிகாலை அள்ளி அப்பிவிடுவது. இரண்டு தெர்மாகோலுக்கு நடுவில் காற்றுப் போகாது. தடிமனாகப் போட்டால் மூன்று நாள் ஆனாலும் உள்ளே வெண்ணெய் மாதிரி ஈரமாகவே இருக்கும், வெட்டும்போது அடுக்கு வழுக்கும். பழைய ஏடிஎம் கார்டால் மெல்லிசாக இழுத்துப் பூசி, நாலைந்து பல்குச்சிகளைக் குத்தி நிறுத்தி, மேலே இரண்டு கனமான புத்தகங்களை வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டும். ஆனால் பல்குச்சி எங்கே இருக்கிறது என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள், சரிவு வெட்டும்போது கத்தி அதில் மாட்டும்.

சரிவை வெட்டப் புது பிளேடு போட்ட கட்டர் வேண்டும். மழுங்கின பிளேடு என்றால் தெர்மாகோல் மணி மணியாகப் பிய்ந்து வீடெல்லாம் பறக்கும், மின்சாரம் ஏறி கையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும், பெருக்கினாலும் போகாது. ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல் லேசாக நாலு இழுப்பு. சூட்டுக்கம்பிக் கட்டர் இருந்தால் இன்னும் சுத்தமாக வரும், ஆனால் அந்தப் புகை நல்லதில்லை, ஜன்னலைத் திறந்து வைத்து மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பிவிட்டுத்தான் நான் அதைத் தொடுவேன். வெட்டி முடித்ததும் உப்புத்தாள். ஏரிக்கரை நேர்க்கோட்டில் இருக்காது, மாடு ஏறி இறங்கின இடத்தில் ஒரு பள்ளம், மழைத்தண்ணீர் அரித்த இடத்தில் ஒரு வாய்க்கால் மாதிரி. அதையெல்லாம் விரலால் அழுத்தியே கொண்டுவரலாம்.

அதற்குமேல் டிஷ்யூ பேப்பர். ஃபெவிகாலில் சரிபாதி தண்ணீர் கலந்து, பேப்பரைச் சின்னச் சின்னதாகக் கிழித்து ஒட்டிக்கொண்டே போனால், காய்ந்ததும் மேல் பக்கம் தோல் மாதிரி இறுகிவிடும், மணி உதிராது. கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள், வெட்டின ஓரம் கோடாகத் தெரியும். பிறகு மண். என்னிடம் இருப்பது அம்மா ஊரிலிருந்து ஒரு டப்பாவில் கொண்டுவந்த மண், அதை டீ வடிகட்டியில் சலித்து, பழைய வாணலியில் பத்து நிமிஷம் வறுத்து ஆறவைத்தது. வறுக்காமல் போட்டால் உள்ளே இருக்கும் ஈரமும் பூச்சி முட்டையும் பின்னால் வேலையைக் காட்டும். ஃபெவிகால் பூசி, மண்ணைத் தூவி, அரை நாள் விட்டு, உதிரியைத் தட்டிவிட்டு, மறுபடி தண்ணீர் ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி கலந்தால் முத்து முத்தாக நிற்காமல் மண்ணுக்குள் இறங்கும்.

ஒரு நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் கரையை இவ்வளவு பாடுபட்டு வெட்டிவிட்டு, பேப்பர் ஒட்டுவதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். கண்ணெதிரே தெர்மாகோல் சுர்ரென்று உள்வாங்கி, பத்து நிமிஷத்தில் கரை முழுக்க அம்மைத் தழும்பு. ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். பெட்ரோல் வாசனை அடிக்கிற பசையும் அப்படியே. மூன்று நாள் வேலை. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இப்போதெல்லாம் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டும்தான், அதிலும் முதல் பூச்சு கறுப்புப் பெயின்டும் ஃபெவிகாலும் கலந்து பிரஷ்ஷால் பூசுவேன்.

தண்ணீருக்கு ரெசின் ஊற்றவில்லை. தெர்மாகோல்மேல் ரெசின் சூடேறினால் என்ன ஆகும் என்ற பயம் ஒன்று, விலை இன்னொன்று. அட்டையில் அழுக்குப் பச்சையும் காவியும் கலந்து பூசி, மேலே பளபளப்பு வார்னிஷ் மெல்லிசாக ஆறு தடவை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. நீலம் ஒரு சொட்டுக்கூட இல்லை. எங்கள் ஊர்க் குளம் எப்போது நீலமாக இருந்தது? கரையோரம் வெடித்த சேறு வேண்டுமென்றால், ஃபெவிகாலைத் தடிமனாகத் தடவி, அது பாதி காய்ந்து பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேலே அக்ரிலிக் பூசுங்கள். மேல் பூச்சு காய்ந்து சுருங்கும்போது தானாக வெடித்துக் கட்டம் கட்டமாகப் பிரியும்.

இனி வயல். ஜனவரி 22 என்றால் தை மாதம், அறுத்த வயல் வேண்டும். வெளிநாட்டில் இந்த விளையாட்டு ஆடுபவர்கள் கோதுமை வயலுக்குத் தென்னைநார் மிதியடியை வெட்டிப் போடுவார்கள். அது நம் ஊர்ச் சரக்கு! கதவருகில் கிடக்கும் அதே மிதியடிதான், முடியை ஐந்து மில்லிமீட்டருக்குக் கத்தரித்தால் அறுத்த தாள் அப்படியே நிற்கும். பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும், வெட்டின ஓரத்தில் உடனே ஃபெவிகால், இல்லாவிட்டால் நார் கொத்துக் கொத்தாகக் கழன்று வந்துவிடும். வரப்புக்குச் சணல் கயிற்றை ஃபெவிகாலில் ஊறவைத்துக் கோணலாகப் போட்டு, அதன்மேல் மண். நேராகப் போட்டால் பார்க் மாதிரி ஆகிவிடும்.

குடிசைக் கூரைக்குத்தான் கோரைப்பாய். வந்தவாசி என்றாலே பாய்தானே, அந்த ஊரைக் கட்டும்போது அது இல்லாமல் எப்படி? பழைய பாய் ஒன்று ஓரம் பிரிந்து பரணில் கிடந்தது. எடுத்தபோது அம்மா, "கிழிஞ்ச ஓரத்துக்குத் துணி வச்சுத் தைச்சா இன்னும் ரெண்டு வருஷம் வரும்டா" என்றார். அப்புறம் பெரியம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்ல, பெரியம்மா அடுத்த வாரமே ஊரிலிருந்து வந்தவர் கையில் ஒரு பிடி உதிரிக் கோரையைக் கொடுத்தனுப்பினார். "பாயை வெட்ட வேணாம்னு சொல்லு, இது போதும் கூரைக்கு" என்று சொல்லியனுப்பினாராம். பாய் தப்பித்தது, கூரைக்கும் உதிரிக் கோரைதான் சரி என்று பிறகு புரிந்தது. பாயாக நெய்ததை அப்படியே வைத்தால் நூல் ஓட்டம் தெரிந்து கூரை பாயாகவே இருக்கும்.

கோரையை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, ஊக்கால் நாலாக வகுந்து, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக்கொள்ள வேண்டும். அட்டையில் கூரைச்சாய்ப்பு செய்து, கீழ்ப்பக்கம் இறவாணத்திலிருந்து ஆரம்பித்து ஒரு வரிசை, அதன்மேல் பாதி ஏறினமாதிரி அடுத்த வரிசை, அப்படியே உச்சிவரைக்கும். நிஜமாகக் கூரை வேய்வதும் இப்படித்தான், மேலே விழும் மழை கீழ் வரிசைமேல் வழிய வேண்டுமே. உச்சியில் ஒரு கொத்தை மடித்துப்போட்டுக் கறுப்பு நூலால் கட்டினேன். கூரை காய்ந்ததும் பெயின்ட் எதுவும் வேண்டாம், காப்பி டிகாக்ஷனைத் தண்ணீராக்கி ஒரு பூச்சு பூசினால் ஒரு மழை பார்த்த கூரை மாதிரி நிறம் வந்துவிடுகிறது. மூக்கை அருகில் கொண்டுபோனால் கோரை வாசனை இன்னும் இருக்கிறது. அம்மா ஒரு நாள் அந்தக் குடிசையைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

பனைமரத்துக்கு இரண்டு வாரம் ஆனது. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் மரமெல்லாம் தென்னை, அதுவும் கடற்கரைப் படத்தில் வரும் வளைந்த தென்னை. பனையின் ஓலை விசிறி. காக்கி பேப்பரின் இரண்டு பக்கமும் பச்சை பூசிக் காயவைத்து, 25 மில்லிமீட்டர் வட்டமாக வெட்டி, விசிறி மடிப்பு மடித்து, விளிம்பைப் பல் பல்லாகக் கத்தரித்து, மெல்லிய கம்பியில் ஒட்டினால் ஓர் ஓலை. நிஜ மரத்தில் முப்பது நாற்பது இருக்கும், எனக்குப் பதினாறு போதும். அதில் பத்து பச்சை, மூன்று மஞ்சள், மூன்று காய்ந்து கீழே தொங்குவது. அந்தத் தொங்கும் காய்ந்த ஓலைதான் பனையைப் பனையாகக் காட்டுகிறது, அதை விட்டுவிட்டால் குடை மாதிரி நிற்கும். தண்டுக்கு மூங்கில் குச்சி, அதன்மேல் பேப்பர் டேப்பை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி சுற்றினால் வளைய வளையத் தழும்பு வரும். அடியில் எம்-சீல் வைத்துக் கொஞ்சம் பருமனாக்கி, ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயத்தில் நிறுத்தினேன், எடை இருப்பதால் சாயாது. அறுபது அடி பனையை அளவுப்படி வைத்தால் 25 சென்டிமீட்டர், பொம்மை எடுக்கும்போதெல்லாம் முழங்கை தட்டும். 15க்கு மேல் வைக்கவில்லை.

வெண்குன்றத்துப் பக்கம் பாறைகள் வேண்டும், ஏனென்றால் ஐர் கூட் தன் படையை மலையடிவாரத்துக் கரடுமுரடான நிலத்தை ஒட்டி நகர்த்தினார், அங்கே எதிரியின் குதிரைப்படை பாய முடியாது. பாறைக்கு மரப்பட்டையை ஒட்டச் சொல்லும் வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள். பட்டை அடுக்கடுக்காக இருக்கும், நம் பாறை உருண்டை. தெர்மாகோலைக் கையால் பிய்த்து, உப்புத்தாளில் உருட்டி, சுவர்ப் பட்டி பூசினால் அந்த மொழுமொழுப்பு வருகிறது. நீர்த்த கறுப்பை ஓடவிட்டு, காய்ந்தபின் பிரஷ்ஷில் பெயின்ட்டைத் துணியில் துடைத்துவிட்டு வெளிர் சாம்பலால் மேலாகத் தேய்த்தால் முடிந்தது. கரைக்கும் வயலுக்கும் இதே டிரை பிரஷ்தான், நிறம் மட்டும் செம்மண்ணைவிட இரண்டு படி வெளுத்தது. ஃபெவிகால் குடித்த மண் எப்போதும் நிஜத்தைவிட இருட்டாகிவிடும்.

நம் ஊர் மழைக்காலத்துக்கு ஒரு எச்சரிக்கை. கோரை, நார், சணல் எல்லாம் பூஞ்சை பிடிக்கும் சரக்கு. ஒவ்வொரு துண்டையும் இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகே ஒட்டுங்கள், பெட்டியில் சிலிக்கா பாக்கெட் போட்டு வையுங்கள். மைதா பசை மலிவுதான், ஆனால் கரப்பான் தேடி வரும். பைண்டிங்காரர்கள் அதில் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம், குழந்தைகள் கை வைக்கும் பொருளில் நான் கலக்க மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அடுக்கி மறுபடி ஆடினோம். அதே பையன், அதே பிரெஞ்சுப் பக்கம், விதியில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அவன் கப்பல்காரர்களைப் படியில் வரிசையாக வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து இறங்கி, மேசை விளிம்பில் தாடையை வைத்து அவர்கள் கண் மட்டத்திலிருந்து பார்த்தான். "மாமா, இவங்களுக்கு உங்க ஆளுங்க காலே தெரியலை. கரை மேல ஏறினாதான் தெரியும். ஏறினா நீங்க சுட்டுடுவீங்க" என்றான். ஏழு சுற்று அந்தப் படியைவிட்டு ஒரு சிப்பாயைக்கூட அவன் நகர்த்தவில்லை. நான் இரண்டு தடவை நேராக ஏறிப் பார்த்து ஆளை இழந்தேன். பீரங்கியைத்தான் நம்பவேண்டி இருந்தது. எட்டாவது சுற்றில் பகடையில் இரண்டு ஆறு விழுந்தது, வெடிமருந்து வண்டி போனது. அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்து வந்து, பிய்த்து உப்பவைத்து, வண்டி நின்ற இடத்தில் புகையாக வைத்தான்.